கையெழுத்துக்கு முன்னால் ஒரு வக்கீல்

2013-ல் நான் முதன்முதலாக வேலைக்குச் சேர்ந்த எக்ஸ்போர்ட் கம்பெனியில், சேர்ந்த அன்றைக்கே டிகிரி சர்டிஃபிகேட்டையும் ப்ளஸ் டூ மார்க் ஷீட்டையும் ஒரிஜினலாக வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். கூடவே மூன்று வருட பாண்ட், அதாவது அதற்குள் வேலையை விட்டால் பணம் கட்டுகிறேன் என்று எழுதிக் கொடுக்கும் பத்திரம். அதில் என்ன எழுதியிருந்தது என்று நான் படிக்கவில்லை. கையெழுத்து போட வேண்டிய இடங்களில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டுக் கொடுத்தார்கள், அத்தனை இடத்திலும் போட்டேன். "எல்லாரும் போடறதுதானுங்க" என்றார் ஆபீஸ் அண்ணன்.

இரண்டாவது வருடம் அப்பாவுக்கு நெஞ்சுவலி. கோயம்புத்தூரில் ஆஸ்பத்திரி, அப்புறம் வீட்டில் ஆள் வேண்டும். வேலையை விட வேண்டியதாகிவிட்டது. அந்த சர்டிஃபிகேட்டுகளைத் திருப்பி வாங்க நாலு மாதம் நடந்தேன். கடைசியில் ஐம்பதாயிரம் கட்டிவிட்டுத்தான் வாங்கினேன். அம்மா வளையலை அடகு வைத்துக் கொடுத்த பணம் அது. கடைசி மாதச் சம்பளம் வரவேயில்லை.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. திருப்பூரில் மெர்ச்சண்டைசராக, அதாவது ஒரு ஆர்டரை ஆரம்பம் முதல் அனுப்பும் வரை கவனிக்கும் ஆளாக, வேலைக்குச் சேரும் பிள்ளைகள் இன்னமும் அப்படியே கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். போன வருடம் நான் ஒருமுறை வேறு மாதிரி செய்து பார்த்தேன். அதைத்தான் சொல்லப்போகிறேன்.

2025 ஜூனில் எனக்கு ஒரு பெரிய கம்பெனியிலிருந்து சீனியர் மெர்ச்சண்டைசர் வேலைக்கு ஆஃபர் வந்தது. வருடத்துக்கு 9 லட்சத்து 60 ஆயிரம். ஆஃபர் லெட்டர் இரண்டு பக்கம்தான். அதோடு 'எம்ப்ளாய்மெண்ட் அக்ரிமெண்ட்' என்று பதினாலு பக்க பி.டி.எஃப். வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்திட்டு அனுப்பச் சொல்லியிருந்தார்கள். நாலே நாள்.

வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். வக்கீலிடம் காட்டப்போகிறேன் என்றதும் என் வீட்டுக்காரர் முகம் மாறிவிட்டது. "சேர்றதுக்கு முன்னாடியே சண்டையா?" என்றார். அப்பா கட்டிங் மாஸ்டராக முப்பது வருடம் வேலை பார்த்தவர். அவர்தான் சொன்னார்: "எனக்கு ஒருத்தரும் ஒரு துண்டுச் சீட்டுகூட எழுதிக் குடுத்ததில்ல கண்ணு. உனக்குப் பதினாலு பக்கம் குடுத்திருக்காங்க. படிச்சாத்தான் என்ன?"

முதலில் போன வக்கீல் எங்கள் குடும்ப நிலப் பத்திரங்களைப் பார்ப்பவர். பதினாலு பக்கத்தையும் இரண்டு நிமிடத்தில் புரட்டிவிட்டு, "இது எல்லா கம்பெனிலயும் இருக்கற ஃபார்மேட்தான், போடுங்க" என்றார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை, அவருடைய வேலை வேறு. கண் வலிக்குப் பல் டாக்டரிடம் போனது நான்தான். வேலை சம்பந்தமான வழக்குகளைப் பார்க்கும் வக்கீல் வேண்டும் என்பது அப்புறம்தான் உறைத்தது. ஆனால் அப்படி ஒருவரை எங்கே தேடுவது? வக்கீல்கள் விளம்பரம் செய்யக்கூடாது என்று பார் கவுன்சில் விதி இருக்கிறது, போர்டைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பழைய கம்பெனியில் கம்ப்ளையன்ஸ் (சட்ட விதிகள் சரியாக நடக்கின்றனவா என்று கவனிக்கும் வேலை) பார்த்த தோழியிடம் கேட்டேன். பையர், அதாவது நம்மிடம் சரக்கு வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி, ஆடிட்டுக்கு வரும்போதெல்லாம் லேபர் சட்டத்தோடு மல்லுக்கட்டுகிறவள் அவள். லேபர் கோர்ட்டில் தொழிலாளர் பக்கமும் நிர்வாகத்தின் பக்கமும் வாதாடியிருக்கும் ஒரு அம்மாவின் நம்பர் கொடுத்தாள். இரண்டு பக்கமும் பார்த்தவர் என்பதுதான் எனக்குப் பிடித்திருந்தது.

குமார் நகரில் வீட்டு முன்னறைதான் அவர் ஆபீஸ். ஐம்பத்தைந்து வயது இருக்கும். நான் புது அக்ரிமெண்ட்டை நீட்டினேன், அவர் வாங்கவில்லை.

"இப்ப வேலை பார்க்கற கம்பெனில சேரும்போது குடுத்த பேப்பர் எங்கே?"

அது எதற்கு என்றேன்.

"அங்கேயிருந்து எப்படி வெளிய வர்றதுன்னு தெரிஞ்சாத்தான அம்மிணி இங்கே எப்படி நுழையறதுன்னு சொல்ல முடியும்."

நல்லவேளை, போனில் அதன் படம் இருந்தது. அறுபது நாள் நோட்டீஸ், ரகசியம் காக்கும் பத்தி ஒன்று. என்னிடம் நேராகக் கேட்டார்: "காஸ்டிங் ஷீட், பையர் மெயில் எதாச்சும் பென் டிரைவ்ல எடுத்து வச்சிருக்கியா?" நான் தயங்கினேன். இரண்டு பையர்களுடைய பழைய காஸ்டிங் ஷீட்டுகள், அதாவது விலைக் கணக்குத் தாள்கள், என் சொந்த ஜிமெயிலில் இருந்தன. எல்லா மெர்ச்சண்டைசரும் வைத்திருப்பதுதான். அவர் எதிரிலேயே அழித்தேன். நாளைக்குப் பழைய கம்பெனி கேஸ் போட்டால் அதற்கு வலுவான ஒரே ஆதாரம் அதுவாகத்தான் இருக்கும் என்றார்.

அதன்பிறகுதான் புது அக்ரிமெண்ட்டைக் கையில் எடுத்தார். அவர் படிக்கவில்லை, என்னைப் படிக்கச் சொன்னார். ஒவ்வொரு பத்தியையும் இங்கிலீஷில் ஒருமுறை வாய்விட்டுப் படித்துவிட்டு, அது என்ன சொல்கிறது என்று தமிழில் அவரிடம் சொல்ல வேண்டும். தமிழில் சொல்ல முடியாமல் நான் திணறும் இடத்தில் எல்லாம் பென்சிலால் ஓரத்தில் ஒரு கோடு போட்டார். முதல் மூன்று பக்கத்தில் கோடு இல்லை. ஆறாவது பக்கத்தில் ஒரு பத்தி வந்தது. இங்கிலீஷில் படிக்கும்போது வழவழவென்று போய்விட்டது. தமிழில் சொன்னபோது என் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"ஏர் ஃபிரைட், பையருக்குக் குடுக்கற டிஸ்கவுண்ட், கிளெய்ம், இதுல கம்பெனிக்கு எந்த நஷ்டம் வந்தாலும், அதுக்கு நான் காரணம்னு கம்பெனி நினைச்சா, கம்பெனியே என் சம்பளத்துல புடிச்சுக்கலாம்."

சொல்லி முடித்துவிட்டு நானே நிறுத்திவிட்டேன்.

இந்தத் தொழிலில் இல்லாதவர்களுக்குச் சொல்கிறேன். ஆர்டர் கன்ஃபர்ம் ஆன நாளிலிருந்து நூல், நிட்டிங், டையிங், பிரிண்டிங், தையல், பேக்கிங் என்று எல்லாவற்றையும் துரத்திக்கொண்டு ஓடுவது மெர்ச்சண்டைசர். லேப் டிப்பில், அதாவது சாயம் ஏற்றி அனுப்பும் மாதிரித் துணியில், ஷேடு ஒத்துவரவில்லை என்று பையர் இரண்டு முறை திருப்பினால் பத்து நாள் போச்சு. டையிங்கில் மின்சாரம் போனால் இரண்டு நாள். கடைசியில் தூத்துக்குடியில் கப்பலுக்குப் போக வேண்டிய சரக்கு நாள் தவறிவிட்டால், சொன்ன தேதிக்குக் கடையில் இருக்க வேண்டும் என்பதற்காக விமானத்தில் அனுப்ப வேண்டிவரும். அந்தச் செலவு நம் கம்பெனி தலையில். ஐந்தாயிரம் செட் குழந்தைகள் பைஜாமா, பெட்டியோடு 1,400 கிலோ, ஒருமுறை நான் இருந்த கம்பெனி ஏர் போட்டது. நாலரை லட்சம் ஆனது. பிரிண்டிங் யூனிட் ஒரு வாரம் தாமதம் செய்ததால் வந்தது அது. ஆனால் ஃபைலில் இருந்த பெயர் என்னுடையது. மீட்டிங்கில் எல்லார் கண்ணும் என்மேல்தான் இருந்தது. அன்றைக்கு இந்தப் பத்தி இருந்திருந்தால் ஆறேழு மாதச் சம்பளம் போயிருக்கும்.

அந்தப் பத்தியில் 'எனி' என்ற வார்த்தையையும் 'சோல் டிஸ்கிரீஷன்' (கம்பெனியின் இஷ்டம் மட்டுமே) என்ற இரண்டு வார்த்தையையும் வட்டமிட்டார் வக்கீலம்மா. "நஷ்டம் எவ்வளவுன்னு சொல்றதும் அவங்க, யாரால வந்துச்சுன்னு சொல்றதும் அவங்க, புடிக்கறதும் அவங்க. உன்னை ஒரு வார்த்தை கேக்கணும்னு எங்கயாச்சும் இருக்கா, பாரு." தேடினேன். இல்லை.

அடுத்த பெரிய கோடு பத்தாவது பக்கத்தில். வேலையை விட்ட பிறகு இரண்டு வருடத்துக்குத் திருப்பூர், கோயம்புத்தூர், ஈரோடு, கரூர் மாவட்டங்களில் எந்த ஆயத்த ஆடை ஏற்றுமதி நிறுவனத்திலும் வேலை பார்க்கக்கூடாது. பனியன் தொழிலைத் தவிர வேறெதுவும் தெரியாத ஒருத்தியிடம் இப்படிச் சொன்னால், இரண்டு வருடம் ஊரை விட்டுப் போ என்றுதான் அர்த்தம்.

அலமாரியிலிருந்து ஒரு ஒல்லியான புத்தகத்தை எடுத்தார். இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872. அதில் 27-ம் பிரிவு. ஒருவர் சட்டப்படியான தொழிலைச் செய்யக் கூடாது என்று தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது. வேலையில் இருக்கும்போது வேறு இடத்தில் வேலை பார்க்காதே என்று சொல்லலாம், அதை உச்ச நீதிமன்றம் 1967-லேயே ஒப்புக்கொண்டிருக்கிறது. வேலை முடிந்த பிறகும் நீளும் தடைதான் நிற்காது. 2006-ல் கிரிக்கெட் வீரர் ஜாகீர் கான் சம்பந்தப்பட்ட வழக்கிலும் ஒப்பந்தக் காலத்துக்கு அப்பால் நீளும் தடையை அப்படித்தான் பார்த்தார்கள் என்றார்.

எனக்கு ஒரே நிம்மதி. "அப்ப செல்லாதுன்னா போட்டுடலாமுங்களா மேடம்?"

"கோர்ட்டுல செல்லாது. உன்னோட அடுத்த மொதலாளி கோர்ட்டா? இவங்க அவருக்கு ஒரு நோட்டீஸ் அனுப்புவாங்க. அவர் 27-ம் பிரிவைத் தேடிட்டு உக்காந்திருக்க மாட்டார். எதுக்குடா வம்புன்னு வேற ஆளை எடுத்துக்குவார். நீ கேஸ் போட்டு ஜெயிக்கறதுக்குள்ள அந்த ரெண்டு வருஷம் முடிஞ்சிருக்கும்."

நான் முதலில் சந்தித்த வக்கீலும், வாட்ஸ்அப் குரூப்பில் இருக்கும் அண்ணன்மார்களும், யூடியூபில் பேசுகிறவர்களும் சொல்லாதது இதுதான். செல்லாது என்றால் கையெழுத்துப் போடலாம் என்று அர்த்தமில்லை. எடுக்கச் சொல்ல வேண்டியது கையெழுத்துக்கு முன்னால். அதற்குப் பிறகு கேட்பதற்கு நம்மிடம் ஒன்றுமில்லை.

பாண்ட் விஷயத்திலும் நான் தப்பாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். 'பாண்ட் எல்லாம் சட்டப்படி செல்லாது' என்று எங்கள் தொழிலில் எல்லாரும் அடித்துச் சொல்வார்கள். 2025 மே மாதம்தான் விஜயா வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம், மூன்று வருடத்துக்குள் விலகினால் 2 லட்சம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று தீர்ப்பளித்தது. அது பொதுத்துறை வங்கி, ஆள் எடுக்கவே பெரிய செலவு, அதற்கென்று காரணங்கள் இருந்தன. ஆனாலும் செல்லவே செல்லாது என்று இனி யாரும் சொல்ல முடியாது. ஒப்பந்தச் சட்டத்தின் 74-ம் பிரிவுப்படி எழுதியிருக்கும் தொகை ஒரு உச்ச வரம்புதான், அதற்குள் நியாயமான இழப்பீடுதான் கேட்க முடியும் என்பது நம் பக்கம் இருக்கும் வாதம். எனக்குப் போட்டிருந்தது மூன்று வருடம், 3 லட்சம். "உனக்கு என்ன ட்ரெய்னிங் குடுக்கப் போறாங்க?" என்று கேட்டார். பன்னிரண்டு வருட அனுபவத்துக்காகத்தானே என்னை எடுக்கிறார்கள். ட்ரெய்னிங் என்று ஒன்றும் இல்லை. "அப்ப அதையே கேளு."

பாண்டோடு தேதியும் தொகையும் எழுதாத இரண்டு காசோலைகள் கையெழுத்திட்டுத் தர வேண்டும் என்று இருந்தது. இந்த இடத்தில் மட்டும் அவர் குரல் மாறியது. பேரம் பேச இதில் ஒன்றுமில்லை, கொடுக்கவே கூடாது என்றார். கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வெற்றுக் காசோலையை வேறொருவர் நிரப்பினாலும், கடனுக்காகக் கொடுத்தது என்றுதான் சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிக்கும் சுமை நம்முடையது. 2019-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. செக் பவுன்ஸ் ஆனால் நெகோஷியபிள் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் சட்டத்தின் 138-ம் பிரிவு, கிரிமினல் வழக்கு, இரண்டு வருடம் வரை சிறை. சம்பள விவகாரமாக இருந்தது கோர்ட், சம்மன், வாய்தா என்று ஆகிவிடும். அவர் அறையில் இருந்த ஃபைல்களில் நாலைந்து அப்படிப்பட்டவை, எல்லாமே முப்பது வயதுக்குள் இருக்கும் பிள்ளைகள்.

சம்பளக் கணக்கையும் ஒரு வெள்ளைத் தாளில் போட்டுக் காட்டினார். 9.6 லட்சத்தை பன்னிரண்டால் வகுத்து எண்பதாயிரம் என்று நான் நினைத்திருந்தேன். அதில் 1,44,000 'நிர்வாகம் விரும்பினால்' தரும் ஊக்கத்தொகை. கம்பெனி கட்டும் பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் உள்ளே. அடிப்படைச் சம்பளம் 24,000. கையில் வரப்போவது சுமார் 61,000. "ஊக்கத்தொகையைச் சம்பளம்னு எண்ணாத. வந்தா வரட்டும்" என்றார். நோட்டீஸ் காலம் நான் மூன்று மாதம், அவர்கள் ஒரு மாதம். தகராறு வந்தால் எம்.டி. நியமிக்கும் ஒரு ஆர்பிட்ரேட்டர்தான் தீர்ப்பார் என்று கடைசிப் பக்கத்தில். வழக்கில் ஒரு பக்கமாக இருப்பவர் தானே தனி நடுவரை நியமிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது, அதையும் மாற்றச் சொல்லிக் கேள் என்றார்.

அவரே ஒரு கடிதம் எழுதிக் கொடுப்பார் என்று எதிர்பார்த்தேன். மறுத்துவிட்டார். "என் லெட்டர்ஹெட்ல போனா அவங்க அவங்க வக்கீலைக் கூப்பிடுவாங்க. அப்புறம் பேசறது நாங்க ரெண்டு பேரும், நீ வேலைக்குப் போகமாட்ட. நீயே எழுது, நான் திருத்தறேன்." எட்டு கோடுகளில் நாலை மட்டும் எடுத்தோம். மெயிலின் முதல் வரி, இந்த வேலையில் சேர எனக்கு மிகுந்த விருப்பம் என்பது. அடுத்து ஒவ்வொரு பத்தி எண்ணும், அதற்கு மாற்றாக நான் ஒப்புக்கொள்ளும் வாசகமும். 'செல்லாது', 'சட்டவிரோதம்' என்ற வார்த்தைகளை எல்லாம் அடித்துவிட்டார். பிரிவு எண் ஒன்றுகூட இல்லை. நான் எழுதியிருந்த இரண்டு பக்கம் முக்கால் பக்கமாகச் சுருங்கியது.

வியாழக்கிழமை அனுப்பினேன். வெள்ளி பதில் இல்லை. சனி, ஞாயிறு. திங்கள்கிழமையும் இல்லை. அந்த ஐந்து நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு நல்ல வேலையை நானே கெடுத்துக்கொண்டேனோ என்று இரவெல்லாம் புரண்டேன். என் வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை, அது இன்னும் கஷ்டமாக இருந்தது. செவ்வாய்க்கிழமை ஜி.எம். கூப்பிட்டார்.

நேரில் போனேன். அவர் என் மெயிலை பிரிண்ட் எடுத்து வைத்திருந்தார். கோபம் எதுவும் இல்லை. "இது எங்க ஆடிட்டர் எங்கிருந்தோ எடுத்துக் குடுத்த ஃபார்மேட்டுங்க மேடம். இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை" என்றார். இருபது வருடமாக அந்தக் கம்பெனியில் கையெழுத்துப் போட்ட அத்தனை பேரும் கண்ணில் வந்து போனார்கள்.

காசோலை வேண்டாம் என்று உடனே ஒப்புக்கொண்டார். நான்கு மாவட்டத் தடை போய், நான் அங்கே கையாண்ட பையர்களை ஒரு வருடத்துக்கு நானாகத் தேடிப் போகமாட்டேன் என்று ஆனது. அது நியாயம்தான் என்று எனக்கும் பட்டது. பாண்ட் பதினெட்டு மாதம், 75,000, மாதாமாதம் குறைந்துகொண்டே வரும். ஏர் ஃபிரைட் பத்தியில்தான் முக்கால் மணி நேரம் ஆனது. "அப்ப நஷ்டத்துக்கு யாருங்க பொறுப்பு?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பைஜாமா கதையைச் சொன்னேன். பிரிண்டிங் யூனிட் பெயரைச் சொன்னதும் அவரே சிரித்துவிட்டார், அவருக்கும் அங்கே அனுபவம் இருந்தது. கடைசியில், மோசடி என்று எழுத்துப்பூர்வ விசாரணையில் நிரூபணம் ஆனால் மட்டும், என் விளக்கத்தைக் கேட்ட பிறகு, என்று மாறியது. மெயிலில் இல்லாத நோட்டீஸ் காலத்தையும் ஊக்கத்தொகையையும் தொடவே விடவில்லை. ஆர்பிட்ரேட்டர் பத்தியை நான் கேட்ட நாலில் சேர்க்கவில்லை, அது அப்படியே இருக்கிறது.

வக்கீலம்மாவுக்கு நான் கொடுத்தது மொத்தம் 5,500 ரூபாய். படித்து ஆலோசனை சொன்னதற்கு 3,500, மெயிலைத் திருத்தியதற்கு 2,000. எல்லாரிடமும் இதுதான் என்று இல்லை, முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அதுவும் முடியாதவர்களுக்கு, மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 1987-ம் வருடச் சட்டத்தின் 12-ம் பிரிவுப்படி பெண்களுக்கும் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கூப்பிடலாம். 2013-ல் எனக்கு இது தெரிந்திருந்தால் அம்மா வளையல் வீட்டில் இருந்திருக்கும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. வேலைக்குச் சேரும் எல்லாருக்கும் நியமனக் கடிதம் தர வேண்டும். விலகுகிறவருக்குச் சம்பள பாக்கியை இரண்டு வேலை நாளுக்குள் தீர்க்க வேண்டும். உங்கள் கடிதம் அதற்கு முந்தையது என்றால் ஒருமுறை யாரிடமாவது காட்டிவிடுங்கள்.

நான் புது இடத்தில் சேர்ந்தது செப்டம்பர் 1. ஐந்து நாளைக்கு முன்னால், ஆகஸ்ட் 27-ம் தேதி, அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு வரியை 50 சதவீதமாக்கியிருந்தது. திருப்பூர் முழுக்க அதே பேச்சு. என் கைக்கு வந்த முதல் ஃபைலே ஒரு அமெரிக்க பையருடையது. மூன்று ஸ்டைலுக்கு டிஸ்கவுண்ட் கொடுத்தால்தான் சரக்கை எடுப்போம் என்று மெயில். வேறு வழியில்லாமல் கொடுத்தார்கள். பல லட்சம் நஷ்டம். பழைய வாசகப்படி, 'பையருக்குக் கொடுக்கும் டிஸ்கவுண்ட்' அது. ஜி.எம். என்னிடம் ஒரு ரிப்போர்ட் கேட்டார், என்ன நடந்தது என்று தேதி வாரியாக எழுதிக் கொடுத்தேன். ஃபைலில் வைத்தார்.

அக்டோபர் 7-ம் தேதி சம்பளச் சீட்டு வந்தது. பிடித்தம் என்ற கட்டத்தில் பி.எஃப். 2,880. அதற்குக் கீழே இருந்த இடங்கள் எல்லாம் காலி.